அண்ணாச்சிக்காக எழுதிய ‘நான்’

ஒருவருடைய பொருளை இன்னொருவர் எடுத்துக்கொண்டால் அது முதலாமவரிடம் இல்லாமல் போகிறது. இதில் குழப்பம் இல்லை. ஞாபகத்தை எடுத்துக்கொண்டால்? கொடுத்த பிறகும் அது கொடுத்தவரிடமே இருக்கிறது. ஆனால் ‘இது என்னுடையது’ என்று இனி அவரால் சொல்ல முடியாது என்றால், அது அவரிடம் இருக்கிறது என்பதற்கு என்ன பொருள்?

கார்குழலி இந்தக் கேள்வியை யாரிடமும் கேட்டதில்லை. இப்படிப்பட்ட கேள்விகளுக்கு அவருக்கு நேரமும் இருந்ததில்லை. இருந்தாலும் திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டின் மாடி அறையில் அவர் கழித்த வருடங்களைப் பார்க்கும்போது வேறு கேள்வி தோன்றவில்லை.

வீடு எம்.கே.பி. நகரில், ஹவுசிங் போர்டு குடியிருப்பின் இரண்டாவது மாடி. அப்பா மண்ணாங்கட்டி, கார்குழலி பி.காம். கடைசி வருடத்தில் இருந்தபோது இறந்து, மூலக்கொத்தளம் இடுகாட்டில் இருக்கிறார். அம்மா குப்பம்மா முழங்கால் வலியோடு வீட்டில் இருக்கிறார். படிப்பு முடிந்ததும் கார்குழலிக்குக் கிடைத்த வேலை, இசக்கி லாஜிஸ்டிக்ஸ் யார்டின் கேட் ஜன்னலில். துறைமுகத்திலிருந்து வரும் டிரைலர்கள் வாசலில் நிற்கும். டிரைவர் காகிதத்தை ஜன்னல் வழியாக நீட்டுவார். கன்டெய்னர் எண்ணைச் சரிபார்த்து, கணினியில் ஏற்றி, கேட் பாஸ் அடித்துக் கொடுக்க வேண்டும். ஜன்னல் தாழ்வானது. நாள் முழுவதும் அவர் பார்த்தது கைகளைத்தான்.

டிரைவர்களுக்கென ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. அதில் அறிவிப்பு போடுவதும் அவர் வேலை. மழைக்காலத்தில் ஒருமுறை, “கடைசி வரிசையில் தண்ணி நிக்குது. நீச்சல் தெரிஞ்சவங்க மட்டும் வண்டியை உள்ளே விடவும்” என்று போட்டார். சிரித்த டிரைவர்கள் அதை வேறு யார்டு குழுக்களுக்கும் அனுப்பினார்கள். அவர் எழுத்தை மகத்தானது என்று சொல்வதற்கில்லை. படிப்பவர் எப்போது தலையாட்டுவார் என்பது அவருக்குத் தெரியும், அவ்வளவுதான். அந்தச் சின்ன அறிவு அவரை மாடிக்குக் கொண்டுபோனது.

யார்டின் முதலாளி சண்முகவேல். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ராயபுரத்தில் பருப்பும் மிளகாயும் மொத்த வியாபாரம் செய்த குடும்பம். மகன் டிரைலர் வாங்கினார், பிறகு யார்டு. ஒவ்வொரு வண்டியிலும் அவருடைய அம்மா இசக்கியம்மாளின் பெயர் மஞ்சள் எழுத்தில் ஓடியது. எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. இரக்கமற்றவர் என்று சொல்ல முடியாது. பிறர் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று ஐம்பது வயது வரை யோசிக்காமல் இருந்துவிட்டவர்.

அந்த யோசனை ஒரு ஓட்டலில் நடந்த தொழிலதிபர்களின் காலைச் சிற்றுண்டிக் கூட்டத்தில் வந்தது. ஜெஸ்லின் என்ற ஆலோசகர் திரையில் படம் போட்டுப் பேசினார். “உங்க வண்டியைப் பார்த்து யாரும் வேலை தரப்போறதில்லை சார். உங்களைப் பார்த்துத் தருவாங்க. நீங்க லிங்க்ட்இன்ல இல்லைன்னா நீங்க இல்லை.” உதாரணத்துக்கு அவர் காட்டியது, சண்முகவேலுக்குப் பின்னால் தொழிலுக்கு வந்த ஒரு கப்பல் ஏஜென்ட்டின் பதிவை. பத்தாம் வகுப்பில் தோற்றுப்போனதைப் பற்றி அந்த ஆள் எழுதியிருந்தார். கீழே ஆயிரக்கணக்கில் பாராட்டு.

“தோத்ததுக்குக் கைதட்டுதானுவ” என்று சண்முகவேல் காரில் திரும்பும்போது சொன்னதாக டிரைவர் சொன்னார்.

மறுநாள் யார்டில் எல்லோரையும் கூட்டி, இனி அண்ணாச்சி என்று கூப்பிட வேண்டாம், ‘சார்’ என்று கூப்பிட வேண்டும் என்றார் மேனேஜர். “சரி அண்ணாச்சி” என்றார்கள் டிரைவர்கள்.

கார்குழலிக்கு ஏசி அறையும், ‘சோசியல் மீடியா எக்சிகியூட்டிவ்’ என்ற பெயரும் கிடைத்தன. வேலை சுலபமாகச் சொல்லப்பட்டது: சார் பெயரில், சார் பேசுவதுபோல எழுத வேண்டும். யார் எழுதுவது என்று வெளியே தெரியக்கூடாது. காலையில் பதிவு வந்ததும் யார்டு ஊழியர் அத்தனை பேரும் விருப்பக்குறி போட்டு, தங்கள் ஸ்டேட்டஸிலும் வைக்க வேண்டும்.

முதல் பதிவுக்கு ஜெஸ்லின் ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைத் தேர்ந்தெடுத்தார். சண்முகவேல் தாடையில் கை வைத்துத் தொலைவில் பார்க்கிறார். கீழே உழைப்பைப் பற்றி ஒரு வரி. வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் ஒரு மனிதரின் முகத்தை அவ்வளவு பெரிதாக, கறுப்பு வெள்ளையில், கீழே நாலு நல்ல வார்த்தையோடு போட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். படிக்காமலே டிரைவர்கள் வரிசையாக எழுதினார்கள்: ஆழ்ந்த இரங்கல். ஆழ்ந்த இரங்கல். அண்ணாச்சி ஆன்மா சாந்தி அடையட்டும். ஒருவர் ஆபீசுக்கே போன் செய்தார்.

“எப்போம்மா எடுக்கறாங்கோ? மால வாங்கிகினு வரணும்.”

“அண்ணா, சார் மேலதான் இருக்காரு. டீ குடிச்சிட்டு இருக்காரு.”

“அய்ய, உயிரோட கீறாரா? அப்போ இன்னாத்துக்கு போட்டோ போட்டீங்கோ?”

அந்தப் பதிவு நீக்கப்பட்டது. அடுத்து வந்த சால்வைப் படங்களையும் ரிப்பன் வெட்டும் படங்களையும் யார்டு ஆட்களைத் தவிர யாரும் பார்க்கவில்லை. ஜெஸ்லின் நேரில் வந்தார்.

“சார், வெற்றியை யாரும் படிக்க மாட்டாங்க. வலி வேணும். சின்ன வயசுல பட்ட கஷ்டம் ஏதாவது?”

சண்முகவேல் நேர்மையாக யோசித்தார். “எனக்கு என்னத்தம்மா கஷ்டம்? எங்கப்பா மூணு வேளையும் சோறு போட்டாரு. ஒருவாட்டி சைக்கிள்ல இருந்து விழுந்தேன்.”

“சைக்கிள் போதாது சார்.”

“ஏம்மா கார்குழலி, நீ ஏதாவது பாத்து எழுதும்மா” என்றுவிட்டு அவர் எழுந்து போனார்.

அன்று மதியம் கார்குழலி எழுதியது தன் அம்மாவின் கதையை. குப்பம்மா இளம்வயதில் துறைமுக வாசலில் கோதுமை பெருக்கியவர். லாரியில் மூட்டை ஏற்றும்போது சிந்துவதைத் துடைப்பத்தால் கூட்டி, முறத்தில் புடைத்து, வீட்டுக்குக் கொண்டுவந்து கஞ்சி காய்ச்சுவார். பக்கத்தில் இரும்புத் தாது குவித்திருப்பார்கள். அந்தத் தூள் எல்லாவற்றின்மேலும் படியும். எத்தனை தண்ணீரில் அலசினாலும் கோதுமையின் சிவப்பு போகாது. கஞ்சி சிவப்பாகத்தான் இருக்கும். பெருக்கும் பெண்களுக்குள் ஒரு கட்டு இருந்தது: லாரி நகர்ந்த இடத்தில் யார் முதலில் துடைப்பத்தைக் கீழே வைக்கிறாளோ அது அவள் இடம். அவள் தண்ணீர் குடிக்கப் போனாலும், பிள்ளைக்குப் பால் கொடுக்கப் போனாலும், துடைப்பம் கிடக்கும்வரை வேறு யாரும் தொட மாட்டார்கள். அவள் துடைப்பத்தை எடுத்துவிட்டால் யார் வேண்டுமானாலும் பெருக்கலாம். இந்தக் கட்டை மீறியவள் கிடையாது.

இதையெல்லாம் அம்மா சொல்லச் சொல்லக் கேட்டு வளர்ந்தவர் கார்குழலி. ‘என் அம்மா துறைமுக வாசலில் கோதுமை பெருக்கினாள்’ என்று தொடங்கினார். அந்த வாக்கியத்தில் ஒரு சொல்லும் பொய் இல்லை. மேலே இருந்த பெயர் மட்டும் வேறு.

ஏன் கொடுத்தார் என்று கேட்கலாம். பேராசை என்று சொல்ல இடமில்லை. தியாகம் என்றால் அது அளவுக்கு மீறிய புகழ்ச்சி. மாலைக்குள் ஒன்று வேண்டும் என்றார்கள். கையில் இருந்ததைக் கொடுத்தார்.

பதிவு பரவியது. யாரென்றே தெரியாதவர்கள் அழுதார்கள். சிங்கப்பூரிலிருந்து ஒரு கப்பல் கம்பெனி அதிகாரி எழுதினார். சண்முகவேல் முதலில் சிரித்தார். “இது எப்பம்மா நடந்துச்சு எனக்கு?” பிறகு அறைக்குள் போய்ப் பின்னூட்டங்களைப் படித்தார். மாலை வரை வெளியே வரவில்லை. வந்தபோது அவர் கண்கள் சிவந்திருந்தன. அழுதவரின் கண்களை நடிப்பு என்று தள்ளிவிட முடியாது. தன்னைப் பற்றி இத்தனை பேர் நல்லபடியாக நினைப்பது ஒரு மனிதருக்கு முதல்முறையாக நடந்திருக்கிறது.

ராயபுரத்து வீட்டில் இசக்கியம்மாள் மட்டும் அசையவில்லை. பேத்தி படித்துக் காட்டியதும், மகனைக் கூப்பிட்டு, “ஏலே, நான் எப்பம்ல ரோட்டைத் தூத்தேன்? என் வீட்டைத் தூத்துப் பெருக்கவே ஆளு வச்சிருந்தாரு உங்கப்பா” என்றாராம். அதன் பிறகு அவருக்குப் பதிவுகளைப் படித்துக் காட்டுவது நின்றது.

அடுத்த வருடங்களில் கார்குழலி ஒவ்வொன்றாகக் கொடுத்தார். அப்பா மூட்டை தூக்கித் தோள் இறங்கிப்போனது. பள்ளிக்கு முதல் செருப்பு வாங்கி, தேயுமே என்று கையில் எடுத்துக்கொண்டு நடந்தது. வெள்ளத்தில் நனைந்த புத்தகங்களைக் கொடியில் காயப்போட்டது. எல்லாம் சண்முகவேலுக்கு நடந்தவை ஆயின. அவர் மேடைகளில் அவற்றைச் சொல்லத் தொடங்கினார், நன்றாகவே சொன்னார். ஒருநாள் கூட்டத்துக்குக் கிளம்பும்போது படியில் நின்று திரும்பிக் கேட்டார்.

“ஏம்மா, எங்கம்மா துடைப்பத்துல என்ன துணி கட்டியிருந்தாங்க?”

“நீலம் சார்.”

“ம். நீலம்” என்று கண்ணை மூடிக்கொண்டார். ஞாபகப்படுத்திக்கொள்கிறவரைப்போலவே இருந்தார்.

விட்டுப் போகலாமே என்றால், போகப் பார்த்தார். கிண்டியில் ஒரு விளம்பரக் கம்பெனியில் நேர்காணல். “நீங்க எழுதினதைக் காட்டுங்க” என்றார்கள். காட்ட ஒன்றும் இல்லை. எழுதிய அத்தனையும் இன்னொருவர் பெயரில் இருந்தது. அதை எழுதியது தான் என்று சொல்லக்கூடாது என்று ஒப்புக்கொண்டிருந்தார். கேட் ஜன்னலில் வேறு ஆள் உட்கார்ந்திருந்தார். மேலே போனவர் கீழே இறங்க அந்தக் கட்டடத்தில் படி இருந்தது, இடம் இல்லை.

புளியந்தோப்பில் ஒரு காதுகுத்து வீட்டில் அது இன்னும் தெளிவாகப் புரிந்தது. சாப்பாட்டுப் பந்தியில் பேச்சோடு பேச்சாக, “எங்கம்மா காய்ச்சுற கஞ்சி செவப்பா இருக்கும்” என்று ஆரம்பித்தார். எதிரில் உட்கார்ந்திருந்த உறவுக்காரர் ஒருவர், அதே யார்டில் டிரைவர், இலையிலிருந்து தலையைத் தூக்கினார்.

“இன்னா குழலி, உங்க மொதலாளி கதைய எத்து வுட்டுகினு கீற? அதான் டெய்லி ஸ்டேட்டஸ்ல வெச்சி வெச்சி எங்களுக்கே மனப்பாடமா கீதே!”

பந்தி முழுக்கச் சிரித்தது. கார்குழலியும் சிரித்தார். வேறு என்ன செய்வது?

குப்பம்மாவுக்கு விஷயம் தெரிய வந்தது ஆலிஸ் மூலமாக. ராயபுரத்து ஆலிஸ் அந்த நாளில் அவரோடு கூடப் பெருக்கியவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பஸ் பிடித்து வந்தவர், செருப்பைக் கழற்றும் முன்பே ஆரம்பித்தார்.

“குப்பு, உன் தொடப்பத்துக்கு நீலத் துணி கட்டிகினு வருவ இல்ல? எவனோ ஒரு பணக்காரன், அத்த அவங்கம்மா கட்டுனாங்கன்னு போன்ல சொல்லிகினு கீறான். எம் பொண்ணு காட்டுனா. செவப்புக் கஞ்சி, தொடப்பம் போட்டு எடம் புடிக்கறது, எல்லாம் அப்டியே கீது. அவங்கம்மாவ நாம எப்போ பாத்தோம்?”

குப்பம்மா சமையல்கட்டில் நின்ற மகளைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. ஆலிஸுக்கு டீ போடச் சொன்னார்.

கேட்க வேண்டிய நேரம் சில மாதத்தில் வந்தது. ஒரு வணிகர் சங்கம் சண்முகவேலுக்கு விருது அறிவித்தது. விழாவில் திரையிட ஒரு குறும்படம் வேண்டும். ஜெஸ்லின் துறைமுக வாசல் காட்சியை யார்டிலேயே எடுத்துவிடலாம் என்றார். சாருடைய அம்மா இரண்டு வார்த்தை பேசினால் போதும். ஆனால் இசக்கியம்மாள் மறுத்துவிட்டார். அப்படியானால் அம்மாவோடு கூடப் பெருக்கிய யாராவது? சண்முகவேல் கார்குழலியைப் பார்த்தார்.

“உங்கம்மா அந்தப் பக்கம் வேலை பாத்தவங்கதான? கூடப் பெருக்குனோம்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். சொல்லுவாங்கல்ல?”

அது குப்பம்மாவின் கதை என்று தெரிந்து கேட்டாரா, தெரியாமல் கேட்டாரா என்று முடிவு செய்ய முடியவில்லை. தெரிந்திருக்கலாம். தெரிந்ததை மறந்தும் இருக்கலாம். அதற்குள் அவர் அவ்வளவு தூரம் வந்துவிட்டார். அவருக்கும் குப்பம்மாவுக்கும் பத்து வயதுக்கு மேல் வித்தியாசம் இருக்காது என்பதை அந்த அறையில் யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

இல்லை என்று சொன்னால் வேலை போகும். வேலை போனால் வேறு வேலைக்குக் காட்ட ஒன்றும் இல்லை. சரி என்று சொன்னால், அம்மா தன் வாயாலேயே தன் வாழ்க்கையை இன்னொருத்தியுடையது என்று சொல்ல வேண்டும். கார்குழலி, “கேட்டுப் பாக்கறேன் சார்” என்றார்.

வீட்டில் குப்பம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மகள் சொல்லி முடிக்கும்வரை கை நிற்கவில்லை.

“அவரு கேட்டாரா, நீயா குட்த்தியா?”

“நானாதாம்மா குட்த்தேன்.”

“அப்போ தொடப்பத்த நீயே தூக்கிட்ட.”

“வேணாம்னா சொல்லிடறேம்மா. முடியலன்னு சொல்லிடலாம்.”

“இன்னாத்துக்கு முடியாது? எனக்குத் தெரிஞ்சத சொல்லப் போறேன்.” காம்பைக் கிள்ளி முறத்தில் போட்டார். “எந்தப் பொடவ கட்டிகினு வரட்டும்?”

படப்பிடிப்பு ஒரு காலையில் நடந்தது. கன்டெய்னர்களுக்கு நடுவில் கடையில் வாங்கிய கோதுமையைக் கொட்டிப் பரப்பியிருந்தார்கள். புதுத் துடைப்பம் ஒன்றுக்கு நீலத் துணி கட்டியிருந்தது. கேமராக்காரர் ஜுபைர் குப்பம்மாவை மூட்டையின்மேல் உட்காரவைத்தார். குப்பம்மா குனிந்து தரையைப் பார்த்தார்.

“இத்தினி சுத்தமா கீது. இத்த போயி எவ பெருக்குவா? மாவு அரைக்கவே எத்துகினு போலாம்.”

எல்லோரும் சிரித்தார்கள். ஜெஸ்லின் கேட்டார்: “பாட்டி, சாரோட அம்மாவை உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும். நல்லாவே தெரியும்.”

“சொல்லுங்க.”

குப்பம்மா தொடங்கினார். அந்தம்மா எப்போது வருவாள், எங்கே உட்காருவாள், வெற்றிலை எப்படி மடிப்பாள் என்று சொன்னார். அந்தம்மா கஞ்சி சிவப்பாக இருக்கும் என்றார். அந்தம்மா புருஷன் மூட்டை தூக்குவான், நல்ல மனுஷன் என்றார். ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. கார்குழலி வெளிச்சத்தைத் திருப்பும் வெள்ளைப் பலகைக்குப் பின்னால் நின்று கேட்டார். எல்லாம் அவருக்குத் தெரிந்தவை. தெரியாத ஒன்று அதன் பிறகு வந்தது.

“அந்தம்மாக்கு மொதோ புள்ள ஆம்பளப் புள்ள. வேகன் நெழல்ல தூளி கட்டிப் போட்டுட்டுப் பெருக்குவா. தூளு எங்க பாத்தாலும். புள்ளைக்கு மூச்சு இழுத்துகினே இருந்துச்சி. ஒரு நாளு பால் குடுக்கப் போனா, இழுக்கல. அவ கத்தல. தூளியோட அவுத்து எத்துகினு வூட்டுக்குப் போனா. சாயங்காலம் மூலக்கொத்தளத்துல வெச்சிட்டாங்கோ.” மடியில் ஒட்டிய கோதுமையைத் தட்டிவிட்டார். “நாலு நாள் களிச்சி வந்தா. அவ தொடப்பம் போட்ட எடத்துலயே கெடந்துச்சி. லாரி வந்துச்சி, போச்சி, சிந்துச்சி. ஒருத்தியும் கை வெக்கல. அவ வந்து குந்திப் பெருக்குனா.”

ஜெஸ்லின் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். “சார், உங்களுக்கு ஒரு அண்ணன் இருந்தாரா? நீங்க சொல்லவே இல்லையே.”

சண்முகவேல் குப்பம்மாவைப் பார்த்தார். தரையில் கிடந்த கோதுமையைப் பார்த்தார். பிறகு தலையை அசைத்தார்.

“ஆமா. அண்ணன்.”

திரும்பும்போது ஆட்டோ எண்ணூர் நெடுஞ்சாலையில் போனது. டோல்கேட் தாண்டியதும் கார்குழலி கேட்டார்.

“அம்மா, அந்தப் புள்ள பேரு இன்னா?”

குப்பம்மா வெளியே டிரைலர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்கின்னா தெரியும்? அது அந்தம்மா புள்ள.”

கோபமாகச் சொல்லவில்லை. தெரியாத ஒன்றைத் தெரியாது என்று சொல்கிறவரின் குரல் அது. வீட்டுக்குப் போன பிறகும், அடுத்த வாரங்களிலும், கார்குழலி எந்தப் பக்கமிருந்து கேட்டாலும் அதே பதில்தான். உண்மையைச் சொன்னவர் அந்த உண்மைக்குத் திரும்பிவர மறுத்தால் அவரை எந்த வழியாகக் கூப்பிடுவது? தன் அண்ணனைப் பற்றித் தெரிந்துகொள்ள உலகத்தில் கார்குழலிக்கு இருந்த ஒரே இடம் அந்தப் படப்பதிவு. அதில் அவன் இன்னொருவருடைய அண்ணன்.

வெட்டிச் சேர்க்கும் வேலை கார்குழலியுடையது. மாடி அறைக் கணினியில் உட்கார்ந்து அந்தப் பகுதியை எடுத்துவிட்டார். கணினியிலிருந்தும் அழித்தார். ஜெஸ்லின் போனில் கத்தினார்.

“அதுதாங்க படமே! அதை ஏன் எடுத்தீங்க?”

“நீளமா இருந்துச்சு மேடம்.”

சண்முகவேல் கூப்பிட்டுக் கேட்டபோது அந்தப் பதிலைச் சொல்லவில்லை. “அழிச்சிட்டேன் சார்” என்றார். சண்முகவேல் மேசையில் இருந்த பேப்பர்வெயிட்டை உருட்டிக்கொண்டே இருந்தார். “சரி, போ” என்றார். ஏன் என்று அவரும் கேட்கவில்லை.

விருது விழாவில் படம் ஓடியது. எழுந்து நின்று கைதட்டினார்கள். சண்முகவேல் மைக்கைப் பிடித்தார். கார்குழலி முதல் வரிசைக்கு முன்னால் நின்று போனில் நேரலை எடுத்துக்கொண்டிருந்தார். கோதுமை, கஞ்சி, நீலத் துணி எல்லாம் வந்தன. பிறகு, “உங்க யாருக்கும் தெரியாத ஒண்ணு. எனக்கு ஒரு அண்…” என்று ஆரம்பித்தவர் கீழே பார்த்தார். போனைப் பிடித்த கார்குழலியின் கை அசையவில்லை. சண்முகவேல் தண்ணீர் எடுத்துக் குடித்தார். “எனக்கு ஒரு அண்ணாச்சிங்கிற பேரு போதும்” என்று எதையோ சொல்லி முடித்தார். கூட்டம் அதற்கும் கைதட்டியது. இதை அவருடைய நல்ல குணம் என்று எழுதத் தயக்கமாக இருக்கிறது. வெறும் பயமாகவும் இருக்கலாம். ஆனால் அவர் நிறுத்தினார். அதன் பிறகு எந்த மேடையிலும் அதைத் தொடவில்லை என்பது உண்மை.

விழா முடிந்து ஒரு வாரம் கழித்து ஜுபைர் யார்டுக்கு வந்தார். கையில் ஒரு பென் டிரைவ்.

“அக்கா, உங்கம்மா பேசுனது முழுசா என்கிட்ட இருந்துச்சு. என் கார்டுல இருந்து எடுத்துட்டேன், இதுல மட்டும்தான் இருக்கு. ஜெஸ்லின் மேடத்துக்குக் குடுக்கல. இன்னா மாதிரி பேசுனாங்க! வூட்டுல வெச்சுக்கோங்க.”

கார்குழலி வாங்கிக்கொண்டார். நன்றி சொன்னார். ஜுபைருக்கு டீ வரவழைத்தார். அவர் போன பிறகு பென் டிரைவைக் கணினியில் சொருகினார். இப்போது அது யாருக்கும் தெரியாமல் அவரிடம் இருந்தது. யாரும் கேட்கப்போவதில்லை, யாரும் பதிவு போடப்போவதில்லை. பெட்டியில் வைக்கலாம். பத்து வருடம் கழித்துப் பார்க்கலாம். அம்மா இல்லாத ஒரு நாளில், அம்மாவின் குரலில், தன் அண்ணனைக் கேட்கலாம்.

அறையின் கதவு திறந்துதான் இருந்தது. காபி கொண்டுவந்த இசபெல் என்ற பெண் பார்த்திருக்கிறார். கார்குழலி படத்தை ஓடவிடவில்லை. திரையில் அதன் பெயரைப் பார்த்தபடி இருந்தார். பிறகு பென் டிரைவ் முழுவதையும் அழித்தார். மறுநாள் காலைப் பதிவுக்காக, புது யார்டு திறப்பில் சண்முகவேல் ரிப்பன் வெட்டும் படங்களை அதில் ஏற்றி, ஜெஸ்லினுக்கு அனுப்பிவைத்தார்.

ஏன் அழித்தீர்கள் என்று பின்னால் ஜுபைர் கேட்டார், ஆலிஸ் கேட்டார். குப்பம்மா கேட்கவில்லை. கேட்டவர்களிடம் கார்குழலி, “அந்த எடத்துல அம்மா தொடப்பம் கெடக்குது” என்று மட்டும் சொன்னார்.